காவலரை மயக்கும் கள்வன்

பகைவன் ஒருவன் கோட்டையை முற்றுகையிடும்போது காவலரின் கடமை தெளிவானது. வந்தவனுடைய உடை வேறு, கொடி வேறு, அவனை இனங்காணுதல் எளிது. ஆனால், கோட்டைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த குடிமகன் ஒருவன் ஒருநாள் சட்டத்தை மீறத் தொடங்கினால் காவலர் அவனை எவ்வாறு இனங்காண்பர்? இனங்காண வந்த காவலரையே அவன் தன்வயப்படுத்திவிட்டாற் கோட்டையின் கதி யாதாகும்? புற்றுநோயைக் குறித்து மருத்துவ உலகம் நூறாண்டுகளுக்கு மேலாக எழுப்பிவந்த வினா இதுவே. அவ்வினா எவ்வாறு பிறந்தது, எவ்வாறு மறக்கப்பட்டது, மீண்டும் எவ்வாறு உயிர்பெற்றது என்பதைப்பற்றி இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

நம் உடல் கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலமும் உரிய காலத்திற் பிறந்து, உரிய தொழிலைச் செய்து, உரிய காலத்தில் இறக்கின்றது. இவ்வொழுங்கை மீறி, இறவாமலும் அடங்காமலும் பெருகுகின்ற கலமே புற்றுநோய்க் கலம். அது வெளியிலிருந்து வந்த கிருமியன்று. நம் கலத்தின் வழிவந்த கலமே. மறுபுறத்தில், கிருமிகளையும் அயற்பொருள்களையும் எதிர்க்கின்ற காவற் கலங்கள் குருதியிலும் நிணநீரிலும் ஓயாது உலாவிவருகின்றன. அவற்றின் கூட்டுத் தொழிலால் உடல் பெறும் பாதுகாப்பையே நிர்ப்பீடனம் என்கிறோம். இவ்விரு சாராரும் சந்திக்குமிடத்தில் நிகழ்வது யாது?

ஜேர்மனிய நோயியல் அறிஞர் ருடோல்ப் விர்ச்சோ, புற்றுநோய்க் கட்டிகளுக்குள்ளே வெண்குருதிக் கலங்கள் நிறைந்திருப்பதை 1863ஆம் ஆண்டளவிற் கண்டார். நாட்பட்ட அழற்சி உள்ள இடத்திலேயே புற்றுநோய் தோன்றுகின்றது போலும் என அவர் கருதினார். அக்கலங்கள் அங்கே என்ன செய்கின்றன என்பதை அன்று எவரும் அறியார். 1882ஆம் ஆண்டில் உருசிய விஞ்ஞானி இலியா மெச்னிக்கோவ், இத்தாலியின் மெசீனா நகரிலே, நட்சத்திர மீனின் இளம் உயிரினுள் ஒரு முள்ளைச் செருகிப் பார்த்தார். மறுநாள் அம்முள்ளைச் சுற்றிலும் நடமாடும் கலங்கள் திரண்டு நின்றன. அயற்பொருளை விழுங்கி அழிக்கும் கலங்கள் உடலில் உண்டு என்னும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது.

இதற்குச் சில ஆண்டுகளின் பின், கதை அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் நகர்கின்றது. நியூயோர்க்கில் வில்லியம் கோலி என்னும் இளம் சத்திரசிகிச்சை வைத்தியர் ஒருவர் இருந்தார். அவரிடம் சிகிச்சைபெற்ற ஓர் இளம்பெண்ணுக்குக் கையில் என்பைப் பற்றிய சார்க்கோமா என்னும் புற்றுநோய் கண்டது. கையை முழங்கைக்குக் கீழே அகற்றியும் பயனில்லை. நோய் உடலெங்கும் பரவிற்று. 1891ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், இருபது வயதும் நிரம்பாத அப்பெண் இறந்தாள். அவ்விழப்பு கோலியை உலுக்கிவிட்டது. கத்தியினால் ஆகாதது வேறெதனாலேனும் ஆகுமோ என எண்ணி, வைத்தியசாலையின் பழைய நோயாளர் குறிப்பேடுகளைப் புரட்டலானார்.

அங்கே ஒரு விந்தையான குறிப்பைக் கண்டார். ஜேர்மனியிலிருந்து வந்து குடியேறிய ஒருவருக்குக் கழுத்திலே சார்க்கோமா உண்டாகி, பலமுறை வெட்டியெடுத்தும் மீண்டும் மீண்டும் வளர்ந்தது. வைத்தியர்கள் கைவிட்ட நிலையில், அவருக்கு எரிசிப்பெலஸ் என்னும் தொற்றுநோய் கண்டது. தோல் செந்நிறமாக வீங்கிக் காய்ச்சல் கொதிக்கும் நோய் அது. காய்ச்சல் தணிந்தபோது கட்டியும் கரைந்திருந்தது. ஏடு இவ்வளவே கூறிற்று. கோலி அத்துடன் நிற்கவில்லை. அம்மனிதரைத் தேடி நியூயோர்க்கின் ஏழைக் குடியிருப்புகளுள்ளே வீடு வீடாக அலைந்தார். இறுதியிற் கண்டுபிடித்தார். ஏழு ஆண்டுகள் கழிந்தும் அவர் நோயின்றி வாழ்ந்துகொண்டிருந்தார்.

காய்ச்சல் வந்தபோது விழித்தெழுந்த ஏதோ ஓர் ஆற்றல், காய்ச்சற் கிருமியை மட்டுமன்றிக் கட்டியையும் தாக்கியிருத்தல் வேண்டும் எனக் கோலி ஊகித்தார். 1891இலேயே, கழுத்துக் கட்டியால் உணவு விழுங்கவும் இயலாதிருந்த ஒருவருக்கு அக்கிருமிகளை வேண்டுமென்றே செலுத்தினார். நோயாளி காய்ச்சலால் இறக்கும் தறுவாயை எட்டினார்; ஆயினும் கட்டி சுருங்கிற்று; மனிதர் மேலும் பல ஆண்டுகள் வாழ்ந்தார். உயிருள்ள கிருமிகளைச் செலுத்துதல் ஆபத்தானது என்பதை வேறு நோயாளர்களின் இறப்பு காட்டவே, 1893 முதல், கொல்லப்பட்ட இருவகைப் பற்றீரியாக்களின் கலவையை அவர் பயன்படுத்தினார். அது 'கோலியின் நச்சுமருந்து' எனப் பெயர்பெற்றது.

சிலர் பிழைத்தனர், பலர் பிழைக்கவில்லை. ஏன் சிலர், ஏன் பலர் அல்லர் என்ற கேள்விக்குக் கோலியிடம் விடையில்லை. மருந்தின் வலுவும் ஒரே சீராக இருக்கவில்லை. குறிப்புகளும் ஒழுங்காக எழுதப்படவில்லை. அதே காலத்தில் எக்ஸ் கதிர்ச் சிகிச்சை வந்தது. அதன் பயன் கண்முன்னே தெரிந்தது. கோலியின் வழி ஐயத்துக்குரியதாயிற்று. 1936இல் அவர் மறைந்தபோது, அவருடைய கொள்கையும் உடன் மறைந்ததாகவே பலர் எண்ணினர்.

நாம் அவரை ஏளனம் செய்தோரை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. மருந்து எவ்வாறு வேலைசெய்கின்றது என்று காட்ட இயலாத நிலையில், நம்பிக்கையை மட்டும் ஆதாரமாகக் கொண்டு நோயாளியின் உடலிற் சோதனை நடத்துதல் எத்துணை ஆபத்தானது என்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். கோலியிடம் கண்ணாற் கண்ட உண்மை இருந்தது. அதனை விளக்கும் விஞ்ஞானம் அன்று பிறந்திருக்கவில்லை.

அவ்விஞ்ஞானத்தின் முதல் வித்தை இட்டவர் ஜேர்மனிய அறிஞர் பவுல் ஏர்லிக். மெச்னிக்கோவுடன் 1908ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவர். புற்றுநோய்க்கு வித்தாகக்கூடிய கலங்கள் நம் உடலிற் பெருந்தொகையாகத் தோன்றிக்கொண்டே இருக்கின்றன எனவும், உடலின் காவல் அவற்றை அடக்கிவைப்பதாலேயே அந்நோய் இன்னும் மிகுதியாகக் காணப்படவில்லை எனவும் 1909இல் அவர் கூறினார். கூற்று அழகியது, நிறுவுதற்குக் கருவியில்லை. சுண்டெலிகளில் ஒன்றிலிருந்து எடுத்த கட்டியை மற்றொன்றில் நாட்டியபோது அஃது அழிந்தது. புற்றுநோயை உடல் வென்றுவிட்டது என ஆராய்ச்சியாளர் மகிழ்ந்தனர். பின்னரே உண்மை புலப்பட்டது: அயலானுடைய நல்ல தோலை நாட்டினாலும் உடல் அவ்வாறே தள்ளிவிடும். எலி எதிர்த்தது புற்றுநோயையன்று, அயலானையே.

இக்குழப்பம் தீர ஒரே வமிசத்தில் வந்த, இரட்டையரைப் போன்று ஒத்த எலிகள் தேவைப்பட்டன. அத்தகைய எலிகளைக் கொண்டு, அமெரிக்க ஆராய்ச்சியாளரான பிரேனும் மெயினும் 1957ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டனர். இரசாயனப் பொருளால் உண்டாக்கிய கட்டியை ஓர் எலியில் வளரவிட்டு, பின் அதனை அகற்றினர். அதே கட்டியை மீண்டும் நாட்டியபோது எலி அதனை எதிர்த்தது. ஆனால் அதே வமிசத்து எலியின் நல்ல தோலை ஏற்றுக்கொண்டது. ஆகவே, புற்றுநோய்க் கலத்தின் முகத்திலே காவலர் கண்டுகொள்ளத்தக்க ஏதோ ஒரு வடு உண்டு என்பது உறுதியாயிற்று.

அக்காலத்திலேயே அமெரிக்கரான லூயிஸ் தோமசும், அவுஸ்திரேலியரான மக்பர்லேன் பேர்னெற்றும் ஏர்லிக்கின் எண்ணத்துக்குப் புத்துயிர் அளித்தனர். காவற் கலங்கள் உடலெங்கும் ரோந்து சுற்றிப் புற்றுநோய்க் கலங்களை முளையிலேயே கிள்ளிவிடுகின்றன என்பதே அவர்கள் கொள்கை. ஆனால் 1974ஆம் ஆண்டில் ஒசியாஸ் ஸ்ருட்மன் என்னும் ஆராய்ச்சியாளர், தைமஸ் சுரப்பி இன்றிப் பிறக்கும் உரோமமற்ற எலிகளை எடுத்துச் சோதித்தார். அச்சுரப்பியிலே முதிர்ச்சியடைவனவே ரி கலங்கள் எனப்படும் தலையாய காவற் கலங்கள். அவை குறைந்த எலிகளுக்குப் புற்றுநோய் மிகுதியாக வரவேண்டுமன்றோ? வரவில்லை. காவற் கொள்கை மீண்டும் வீழ்ந்தது. அவ்வெலிகளில் வேறுவகைக் காவற் கலங்கள் எஞ்சியிருந்தன என்பதும், ரி கலங்களும் முற்றாக இல்லாமற் போகவில்லை என்பதும் பிற்காலத்தவர் அறிந்த செய்திகள்.

கொள்கை வீழ்ந்த காலத்திலும் அதனைக் கைவிடாத சிலர் இருந்தனர். கோலியின் மகள் ஹெலன் கோலி நோட்ஸ், தந்தையார் விட்டுச்சென்ற தாள்களையெல்லாம் திரட்டி, நோயாளர் ஒவ்வொருவரின் கதையையும் பின்தொடர்ந்து எழுதிவைத்தார். மருத்துவப் பட்டம் எதுவும் பெறாதவர் அவர். 1953இல் நியூயோர்க்கிலே புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவவும் அவர் காரணராயிருந்தார். லோயிட் ஓல்ட் என்பவரும் அவர் குழுவினரும், நம் நாட்டுக் குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பாக இடப்படும் அதே பீ.சீ.ஜீ. மருந்து சுண்டெலிகளில் கட்டியின் வளர்ச்சியைத் தடுப்பதை 1959இற் காட்டினர். 1976இற் கனடாவில் அல்வரோ மொராலெஸ் என்பவர், சிறுநீர்ப்பையின் மேற்பரப்பிலுள்ள புற்றுநோய்க்கு அம்மருந்தைப் பயன்படுத்தி வெற்றி கண்டார். அச்சிகிச்சை இன்றும் வழக்கிலுள்ளது. இறந்த கிருமியோ வலுவிழந்த கிருமியோ காவலரைத் தட்டியெழுப்பும் என்று கோலி கண்ட கனவின் ஒரு துண்டு இவ்வாறு நனவாயிற்று.

ஐயம் முற்றாக நீங்கியது 2001ஆம் ஆண்டிலேயே எனலாம். அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலே ரொபேர்ட் ஸ்ரைபரும் உடனாய்வாளரும், நிணநீர்க் கலங்கள் அறவே உருவாகாதவாறு வளர்க்கப்பட்ட எலிகளைச் சோதித்தனர். அவற்றுக்குப் புற்றுநோய் விரைவாகவும் மிகுதியாகவும் வந்தது. ஆகவே காவல் மெய்யே. ஆனால் அதனினும் வியத்தகு செய்தி ஒன்று உண்டு. காவலற்ற எலியில் வளர்ந்த கட்டிகளை எடுத்துக் காவலுள்ள எலிகளில் நாட்டியபோது, அவற்றுட் பல அழிக்கப்பட்டன. காவலுள்ள எலியில் வளர்ந்த கட்டிகளோ அழியாமல் வளர்ந்தன. இதன் பொருள் யாது? காவலரிடையே வாழ்ந்த கள்வன், காவலரை ஏமாற்றும் வித்தையைக் கற்றுவிட்டான். காவலர் எளிதிற் பிடிபட்டோரை அழித்தனர். பிடிபடாதோர் மட்டுமே தப்பிப் பெருகினர்.

இதனை ஸ்ரைபர் குழுவினர் மூன்று கட்டங்களாக வகுத்தனர். முதலாவது ஒழித்தல், காவற் கலங்கள் வெல்லும் காலம். இரண்டாவது சமநிலை, கள்வன் அழியவுமில்லை, பெருகவுமில்லை. மூன்றாவது தப்புதல், அப்போதே நோய் வெளிப்படுகின்றது. இரண்டாவது கட்டம் எத்துணை நீண்டதாக இருக்கலாம் என்பதை 2003இல் வெளியான ஒரு துயரச் செய்தி காட்டிற்று. மெலனோமா என்னும் தோற் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்றுப் பதினாறு ஆண்டுகள் நலமாயிருந்ததாகக் கருதப்பட்ட ஒருவர் இறந்தபின், அவருடைய சிறுநீரகங்கள் இருவருக்குப் பொருத்தப்பட்டன. இருவருக்கும் அதே மெலனோமா தோன்றிற்று. ஒருவர் அதனால் உயிரிழந்தார். கொடுத்தவரின் உடலில் அடங்கிக்கிடந்த கலங்கள், நிர்ப்பீடனத்தைத் தணிக்கும் மருந்துகளை உட்கொண்டிருந்த பெற்றவர்களின் உடலில் அடக்குவாரின்றிப் பெருகிவிட்டன.

சரி, நேயர்களே, கள்வன் காவலரை மயக்கும் வித்தைகள்தாம் எவை? நான்கினை மட்டும் கூறுவேன்.

முதலாவது, மறைதல். ஒவ்வொரு கலமும் தன்னுள்ளே உண்டாகும் புரதங்களின் துண்டுகளைத் தன் மேற்பரப்பிலே அடையாளச் சீட்டைப் போல ஏந்தி நிற்கும். ரி கலம் அச்சீட்டைப் படித்தே நல்லவனையும் தீயவனையும் பிரித்தறியும். பல புற்றுநோய்க் கலங்கள் அச்சீட்டைத் தாங்கும் மூலக்கூறுகளையே குறைத்துக்கொள்கின்றன.

இரண்டாவது, காவலரைப் பணியாளராக்குதல். விழுங்கு கலங்களுக்கு இரு தொழில்கள் உண்டு: பகையை அழித்தல் ஒன்று, புண்ணை ஆற்றுதல் மற்றொன்று. புண்ணை ஆற்றும்போது அவை புதிய குருதிக் குழாய்களை வளர்க்கும், கலங்களைப் பெருகத் தூண்டும், போரை அடக்கும். புற்றுநோய்க் கட்டி தன்னைப் புண்ணாகக் காட்டிக்கொள்கின்றது. அமெரிக்க நோயியலாளர் ஹரல்ட் டுவோராக், கட்டிகள் ஆறாத புண்கள் என 1986இல் எழுதினார். கட்டியிலிருந்து சுரக்கும் பொருள்கள் விழுங்கு கலங்களை அழைத்து, ஆற்றும் தொழிலிலேயே நிறுத்திவிடுகின்றன. ஜெப்ரி பொலார்ட் குழுவினர் 2001இல், அவ்வாறு அழைக்கும் பொருள்களுள் ஒன்று இல்லாத எலிகளை ஆராய்ந்தனர். மார்பிற் கட்டி தோன்றியது. ஆயின் அது கொடிய நிலையை அடைவதும் நுரையீரலுக்குப் பரவுவதும் பெரிதும் தடைப்பட்டன. வேலியே பயிரை மேய்ந்த கதை இதுவன்றோ? விர்ச்சோ கண்ட வெண்கலங்களுட் சில, பகைவனுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தன!

மூன்றாவது, அடக்குவோரை அழைத்தல். காவற் கலங்கள் வெறிகொண்டு சொந்த உடலையே தாக்காதவாறு அவற்றை அடக்கிவைக்கும் ஒருவகை ரி கலங்கள் உண்டு. அவற்றை 1995இல் யப்பானிய அறிஞர் சிமோன் சக்காகுச்சி தெளிவாக இனங்காட்டினார். அத்துறைக்கான நோபல் பரிசை 2025இல் மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். சூலகப் புற்றுநோய்க் கலங்களும் அவற்றைச் சூழ்ந்த விழுங்கு கலங்களும் ஓர் இரசாயனத் தூதை அனுப்பி இவ்வடக்கும் கலங்களைக் கட்டிக்குள் அழைக்கின்றன என்பது 2004இல் வெளியாயிற்று. அவை மிகுதியாகக் காணப்பட்ட நோயாளரின் ஆயுள் குறுகியிருந்தது.

நான்காவது, கடிவாளத்தை இழுத்தல். ரி கலத்தின் மேற்பரப்பிலே அதனை நிறுத்தும் கடிவாளங்கள் இயற்கையாகவே அமைந்துள்ளன. போர் முடிந்தபின் அமைதி திரும்புதற்கு அவை இன்றியமையாதவை. பல புற்றுநோய்க் கலங்கள் அக்கடிவாளத்தைப் பற்றும் கையைத் தம் மேற்பரப்பில் வளர்த்துக்கொள்கின்றன. எதிரே வந்த ரி கலம் கைநீட்டித் தாக்குமுன்னரே சோர்ந்து நின்றுவிடுகின்றது.

இக்கடிவாளங்களை அறுக்க இயலுமா? இங்கேதான் நம் கதையின் வெற்றிப் பகுதி வருகின்றது. ரெக்சாசிற் பிறந்த ஜேம்ஸ் அலிசன், சிறுவயதிலேயே தாயைப் புற்றுநோய்க்கு இழந்தவர். கலிபோர்னியாவில் அவர் குழுவினர், சீ.ரி.எல்.ஏ. நான்கு என்னும் கடிவாளத்தை மறைக்கும் பிறபொருளெதிரியைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தினர். கட்டிகள் கரைந்தன. 1996இல் இது வெளியாயிற்று. யப்பானிலே, கியோத்தோ நகரில், தசுக்கு ஹொன்ஜோவும் உடனாய்வாளரும் பீ.டி. ஒன்று என்னும் மற்றொரு கடிவாளத்தை 1992இற் கண்டிருந்தனர். மாணவப் பருவத்தில் உடன்பயின்ற நண்பரை வயிற்றுப் புற்றுநோய்க்கு இழந்தவர் ஹொன்ஜோ.

முதல் மருந்தின் பயனை 676 மெலனோமா நோயாளர்களிடம் சோதித்த முடிவு 2010இல் வெளிவந்தது. பரவிய மெலனோமாவினால் 6 மாதங்களளவே வாழ்ந்தோரின் இடைநிலை ஆயுள் 10 மாதங்களாயிற்று. சிறிய முன்னேற்றமே எனத் தோன்றலாம். ஆனால் ஏறத்தாழ ஐவருள் ஒருவர் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழ்ந்தனர். அத்தகையது முன்னர் அந்நோயிற் காணக்கிடையாதது. பீ.டி. ஒன்றைத் தடுக்கும் மருந்துகள் 2014இல் யப்பானிலும் அமெரிக்காவிலும் அங்கீகாரம் பெற்றன. மூளைவரை பரவிய மெலனோமாவுக்கு 2015இல் அத்தகைய மருந்தோடு சிகிச்சைபெற்ற அமெரிக்க முன்னாட் சனாதிபதி ஜிம்மி கார்ட்டர், 2024ஆம் ஆண்டில் நூறாவது வயதில் மறைந்தார். அலிசனும் ஹொன்ஜோவும் 2018ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றனர்.

ஆயினும், இது வெற்றி முரசு கொட்டும் நேரமன்று. கடிவாளம் அறுந்த காவலர் சில வேளைகளிற் குடல், நுரையீரல், தைரொயிட் சுரப்பி முதலிய நல்லுறுப்புகளையும் தாக்குவர். அதனால் உயிரிழப்போரும் உளர். இம்மருந்துகளுக்கு இணங்காத நோயாளர் பலர். சதையத்திற் காணும் புற்றுநோய் போன்றவை பெரும்பாலும் இணங்குவதில்லை. காவற் கலங்களுக்குப் பகைவனை அடையாளங்காட்டும் கிளைக்கலங்களை 1973இல் கண்டறிந்த ரால்ப் ஸ்ரைன்மன், அச்சதையப் புற்றுநோய்க்கே ஆளானார். தாம் கண்ட கலங்களைக் கொண்டே தமக்குச் சிகிச்சை செய்வித்து, நான்கு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 2011ஆம் ஆண்டு ஒக்ரோபர் 3ஆந் திகதி அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அவர் இறந்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன. பரிசுக் குழுவினர் அதனை அறிந்திருக்கவில்லை. அறிந்தபின்னரும் பரிசை மீளப்பெறாது அவருக்கே உரித்தாக்கினர். அவருடைய சிகிச்சை அவர் ஆயுளை நீட்டியதா என்றால், ஒருவரைக்கொண்டு அதனை முடிவுசெய்தல் இயலாது. அவரே விஞ்ஞானியாதலின் அதனை நன்கு உணர்ந்திருப்பார்.

கோலிக்கும் அலிசனுக்கும் இடைப்பட்டது ஏறத்தாழ நூறாண்டு. கோலி காவலரைத் தட்டியெழுப்பினார். ஆனால் காவலரின் கைகளைக் கள்வன் கட்டிவைத்திருந்ததை அவர் அறிந்திலர். சிலர் பிழைத்துப் பலர் இறந்ததன் காரணத்தின் ஒரு பகுதி அங்கேயே இருந்தது. இன்று ஒரு கட்டியை ஆராயும் வைத்தியர், அதன் கலங்களை மட்டும் நோக்குவதில்லை. அதனைச் சூழ்ந்து நிற்கும் காவற் கலங்கள் எவை, அவை யாருக்காக உழைக்கின்றன என்பதையும் நோக்குகின்றார். 1891இல் இறந்த அந்த இளம்பெண்ணுக்கு இவ்வறிவு உதவவில்லை. எனினும், அவள் இறப்பைத் தாங்கமாட்டாது ஒரு வைத்தியர் புரட்டிய பழைய ஏடுகளிலிருந்தே இத்தேடலின் முதலடி எடுத்துவைக்கப்பட்டது என்பதை நினைவூட்டி என் பேச்சை முடிக்கின்றேன்.